இட்டதை அழிக்கும் உரிமை

வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதியதைத் துடைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மையினால் எழுதிய கொப்பியிலும், எழுதியவர் விரும்பினால் அந்த ஒற்றையைக் கிழித்து எறிந்துவிடலாம். ஆனால் முகநூல், இன்ஸ்ரகிராம், யூரியூப், ரிக்ரொக் முதலான சமூக வலைத்தளங்களில் நாம் இடுகின்ற எழுத்தும் படமும் பிறிதொருவருடைய பலகையில் எழுதப்படுபவை. பலகையும் அவருடையது, துடைப்பானும் அவர் கையிலேயே உள்ளது. அவ்வாறாயின், எழுதியவருக்கு அதனைத் துடைக்கும்படி கேட்கும் உரிமை உண்டா? உண்டு என்கிறது நாம் வாழும் இத்தாலி நாட்டின் சட்டம். அந்த உரிமை யாது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பவற்றை எமது மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் 'அழித்தல்' என்ற சொல்லின் பொருளைச் சிறிது நோக்குவோம். கணக்கை இடைநிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. இடைநிறுத்தினால் பிறர் கண்ணுக்கு அது மறையுமேயன்றி, நிறுவனத்தின் கணினிகளில் யாவும் இருந்தபடியே இருக்கும். அழிக்கும்படி கட்டளையிட்டாலும் முகநூல் நிறுவனம் 30 நாட்கள் பொறுத்திருக்கிறது. அந்நாட்களுக்குள் மனம் மாறி உள்நுழைந்தால் கணக்கு உயிர்பெற்றுவிடும். அதன் பின்னரும் யாவற்றையும் அழித்து முடிக்க 90 நாட்கள் வரை ஆகலாம் என்று அந்நிறுவனமே கூறுகிறது. நாம் நண்பருக்கு அனுப்பிய செய்தியோ எமது கணக்கு மறைந்த பின்பும் நண்பரின் பெட்டியில் இருக்கும். கடிதம் தபாலில் சேர்ந்தபின் அது பெற்றவருடையதாகி விடுகிறதல்லவா? அதனைப் போன்றதே இதுவும்.

2011 ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டுச் சட்டக்கல்லூரி மாணவரான மக்ஸ் ஷ்ரெம்ஸ் என்பவர், தம்மைப்பற்றி முகநூல் வைத்திருக்கும் தகவல்கள் அனைத்தையும் தமக்குத் தருமாறு சட்டப்படி கேட்டார். கிடைத்தவை ஏறத்தாழ 1,200 பக்கங்கள். அவற்றுள், தாம் முன்னரே அழித்துவிட்டதாக நம்பியிருந்த செய்திகளும் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். துடைத்த பலகையின் பின்புறத்தில் எல்லாம் அப்படியே இருந்தன. அவர், முகநூலின் ஐரோப்பியத் தலைமையகம் அமைந்துள்ள அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையாளரிடம் முறையிட்டார். ஒரு மாணவனின் கேள்வி ஒரு பெரும் நிறுவனத்தை விடையளிக்க வைத்த இந்நிகழ்ச்சியை எமது பிள்ளைகள் மனதிற் கொள்ள வேண்டும்.

அக்காலத்து ஐரோப்பியச் சட்டம் 1995 ஆம் ஆண்டினது. சமூக வலைத்தளங்கள் தோன்றுமுன் இயற்றப்பட்டது. அதனை நீக்கி, 2016 இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியை இயற்றியது. இது 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 17 ஆம் உறுப்புரையே அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இத்தாலியர் இதனைத் 'திரித்தோ அல்லோப்ளியோ' என்பர். மறக்கப்படும் உரிமை என்று பொருள்படும். தகவலைப் பெற்ற நோக்கம் முடிந்துவிட்டால், அல்லது நாம் முன்னர் அளித்த சம்மதத்தை மீளப் பெற்றுவிட்டால், அல்லது அத்தகவல் முறையற்ற வழியில் கையாளப்பட்டிருந்தால், அதனை அழிக்கும்படி கேட்கலாம். கட்டணம் இல்லை. நிறுவனம் ஒரு மாதத்துள் பதில் தரவேண்டும். சிக்கலான விடயமாயின் காரணங்கூறி மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். மௌனம் சாதிக்க இயலாது. பதில் திருப்தி தராவிடின் உரோமாபுரியில் உள்ள தனியுரிமைக் காப்பு அதிகாரசபையிடம் முறையிடலாம். செய்தித்தாள்களில் 'கரான்தே' என்று குறிப்பிடப்படுவது இச்சபையே. அங்கும் கட்டணம் இல்லை.

எம்மவர் பலர் கேட்கும் வினா ஒன்றுண்டு: "எமக்கு இந்நாட்டுக் குடியுரிமை இல்லையே, இச்சட்டம் எமக்கும் பொருந்துமா?" பொருந்தும். ஒருவருடைய தேசிய இனம் எதுவாயினும், வதிவிடம் எதுவாயினும் இப்பாதுகாப்பு உண்டு என்று அவ்வொழுங்குவிதியின் முகவுரையே எழுதி வைத்திருக்கிறது. சொய்யோர்னோ எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நீண்ட வரிசையில் நிற்கும் எமக்கு, வரிசையில்லாமற் கிடைக்கும் உரிமைகள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

சிறுவரைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் ஒருபடி முன்செல்கிறது. விளைவுகளை முற்றாக உணராத வயதில் அளித்த சம்மதத்தின் பேரில் இடப்பட்டவற்றை, வளர்ந்தபின் அழிக்கக் கேட்கும் உரிமை சிறப்பாகக் காக்கப்பட வேண்டியது என்று அதே முகவுரை கூறுகிறது. பன்னிரண்டு வயதில் விளையாட்டாக இட்ட காணொளியை இருபத்திரண்டு வயதில் அழிக்கக் கேட்கலாம். இத்தாலியில் ஒருவர் தாமே தமது தரவுகளுக்குச் சம்மதம் அளிக்கும் வயது 14 என 2018 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. அதற்குக் குறைந்தவர்களுக்காகப் பெற்றோரே சம்மதம் அளித்தல் வேண்டும். பிறந்த ஆண்டை மாற்றிப் பதிவுசெய்து கணக்குத் திறக்கும் பிள்ளைகள், இந்தச் சிறப்புப் பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றனர் என்பதை அறிவார்களாக. பதினெட்டு வயதினர் என்று நிறுவனம் நம்பிய ஒருவர், பின்னர் தாம் சிறுவர் என்பதை நிறுவ வேண்டியவராகிறார்.

இத்தாலியில் இவ்வுரிமைக்குத் தனிச்சட்டம் ஒன்று பிறந்த வரலாறு துயரமானது. 2013 சனவரியில் வடநகராகிய நோவாராவில் கரோலினா என்னும் 14 வயது மாணவி உயிரிழந்தாள். ஒரு விருந்தில் அவள் உடல்நலம் குன்றிய நிலையில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்று பலரிடையே பரப்பப்பட்டு, இழிசொற்கள் மழையெனப் பொழிந்ததன் முடிவே அது. அம்மாணவிக்கு முன்னர் இசை கற்பித்த ஆசிரியை எலேனா ஃபெர்ராரா அதே ஆண்டில் செனற்சபை உறுப்பினரானார். தம் மாணவியை மறவாத அவ்வாசிரியை முன்னின்று கொண்டுவந்த சட்டமே 2017 மே 29 திகதியிட்ட 71 ஆம் இலக்கச் சட்டமாகும். மாணவரைப் பறிகொடுத்த ஆசிரியர்கள் எம்முள்ளும் இருக்கின்றனர். ஆதலின் இச்செய்தியை நாம் கடந்து செல்ல இயலவில்லை.

அச்சட்டம் சொல்வது இதுதான். இணையவழித் துன்புறுத்தலுக்கு உள்ளான 14 வயது நிறைந்த சிறுவர் எவரும், பெற்றோரின் கையொப்பம் இன்றித் தாமாகவே, தம்மைப்பற்றிய படத்தையோ எழுத்தையோ நீக்குமாறு வலைத்தளத்தைக் கேட்கலாம். அதனிலும் இளையவர்களுக்காகப் பெற்றோர் கேட்கலாம். வேண்டுகோளை ஏற்றதாக 24 மணித்தியாலத்துள் அறிவிக்கவும், 48 மணித்தியாலத்துள் நீக்கவும் வேண்டும். தவறின் கரான்தேயிடம் செல்லலாம். அச்சபை 48 மணித்தியாலத்துள் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். மேற்சொன்ன ஒரு மாதத் தவணையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஒவ்வொரு பாடசாலையிலும் இவ்விடயத்திற்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்துள்ளது. உங்கள் இத்தாலியப் பாடசாலையில் அவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தரங்கப் படங்கள் வெளிவந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள், அவை வெளிவருமுன்னரே கரான்தேயிடம் அறிவித்துத் தடுக்கும் வழியும் 2021 முதல் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் இதனையும் தாமே செய்யலாம்.

எமது பலெர்மோ நகரின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 2021 சனவரியில் இந்நகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அது ரிக்ரொக்குடன் தொடர்புடையதாகச் செய்திகள் வெளிவந்தன. சனவரி 22 அன்று கரான்தே, வயதை உறுதிப்படுத்த இயலாத இத்தாலியப் பயனாளர்களின் தரவுகளைக் கையாளக் கூடாது என்று அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அதன்பேரில் ஒரு கோடியே 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் வயது மீண்டும் கேட்கப்பட்டது. 13 வயதுக்குக் குறைந்தோருடையவை எனக் கருதப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் நீக்கப்பட்டன. இங்கே அழித்தலைக் கேட்டவர் பயனாளர் அல்லர், அரசின் அதிகாரசபை. கேட்கத் தெரியாத வயதினருக்காக வேறொருவர் கேட்க வேண்டியிருந்தது.

இனி, எம் சமூகத்துக்கே உரிய ஒரு விடயத்துக்கு வருவோம். மேல்வகுப்பு மாணவர்களுக்குச் 'சமூக வலைத்தளங்களின் நன்மை தீமைகள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தோம். பெரும்பாலானவை நாம் எதிர்பார்த்த அச்சில் வார்த்தவையாக வந்தன. ஒரு மாணவி மட்டும் கட்டுரையின் கீழே, "அம்மா போட்ட எனது படத்தை அழிக்கச் சொல்லலாமா, சேர்?" என்று எழுதியிருந்தாள். எந்தப் படம் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எமது இல்லங்களில் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுத்து, பல்லக்கும் பன்னீரும் ஆலாத்தியுமாகச் செய்கின்றோம். அதனை ஒளிப்பதிவாளர் தமது தொழிலுக்கு விளம்பரமாக யூரியூப்பில் இடுகிறார். பெற்றோர் பெருமையோடு முகநூலில் பகிர்கின்றனர். கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர் வாழ்த்துகின்றனர். சில மாதங்களின் பின் அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் அதனைக் கண்டெடுத்து, இது என்ன விழா என்று வகுப்பில் கேட்கிறான். தன் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை ஓர் அந்நிய மொழியில், சிரிப்பவர்கள் நடுவே அவள் விளக்க வேண்டியதாகிறது.

சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஊரில் அச்சடங்கைக் கண்டவர்கள் ஊரவரும் உற்றாருமே. ஒளிப்படங்கள் அல்பத்தில் ஒட்டப்பட்டு அலுமாரியில் இருந்தன. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தாயே எடுத்துக் காட்டுவார். பூட்டும் திறப்பும் வீட்டாரிடம் இருந்தன. இன்று அலுமாரிக் கதவு கழற்றப்பட்டுவிட்டது. ஆதலால் எம் விடை: ஆம், அந்த மாணவி கேட்கலாம்.

இதற்கு இத்தாலிய நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் உண்டு. 2017 செப்ரெம்பரில் மான்தோவா நீதிமன்றம், தந்தையின் விருப்பத்துக்கு மாறாக இரு சிறு குழந்தைகளின் படங்களை இட்டுவந்த தாயை, அவற்றை நீக்கும்படியும் இனி இடாதிருக்கும்படியும் பணித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் உரோமாபுரி நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், படத்தில் இருந்தவர் 16 வயது மகன். அவரைப் பற்றித் தாய் இட்டவற்றை நீக்கவேண்டும் என்றும், தவறின் 10,000 யூரோ செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. இதற்கென்று புதிய சட்டமும் தேவைப்படவில்லை. ஒருவரது உருவப்படத்தை அவரது சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது இந்நாட்டின் 1941 ஆம் ஆண்டு ஆக்கவுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. கணினி இல்லாத காலத்துச் சட்டம் அது! பொது இடத்தில் நிகழும் நிகழ்ச்சிகளுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. யூலை மாதத்தில் சாந்தா ரொசாலியா திருவிழாக் கூட்டத்தில் எவரோ எடுத்த படத்தின் ஓரத்தில் நாம் நிற்பதற்காக முறையிட இயலாது. மானத்துக்கு இழுக்கு விளைவிக்கும் படமாயின் அந்த விலக்கும் இல்லை.

பெற்றோர்கள் வருந்த வேண்டியதில்லை. பிள்ளை கேட்டவுடன் தாயே எடுத்துவிட்டால் சட்டமும் நீதிமன்றமும் எதற்கு? ஒளிப்பதிவாளரிடம் பணங்கொடுக்குமுன் 'பொதுவெளியில் இடலாகாது' என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது அதனினும் இலகு.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் எம்மைப் பார்த்து வினவக்கூடும். 1981 யூன் முதல் நாளின் விடியலில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகியதை இன்றும் எண்ணி வருந்துபவர்கள் அல்லவா நீங்கள்? இடப்பெயர்வுகளில் பிறப்புப் பத்திரமும் கல்யாணப் படமும் கைநழுவிப் போனவர்கள் அல்லவா? அழிவையே கண்டவர்கள் அழிக்கும் உரிமையைப் பேசலாமா? நியாயமான வினா. எமது நூலகத்தை அழித்தவர்கள் அந்நூல்களை எழுதியவர்களும் அல்லர், வாசித்தவர்களும் அல்லர். ஒருவர் தம்முடையதைத் தாம் அழிப்பதும், பிறருடையதை வேறொருவர் அழிப்பதும் நேர் எதிரானவை. சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே 17 ஆம் உறுப்புரையின் இறுதியில் விலக்குகளை வகுத்திருக்கிறது. கருத்துச் சுதந்திரம், பொதுநலனுக்கான ஆவணக் காப்பு, வரலாற்று ஆய்வு, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றுக்குத் தேவையானவற்றை அழிக்கக் கேட்க முடியாது. ஊழல் செய்த அரசியல்வாதி தம்மைப்பற்றிய செய்தியை அழிக்கக் கேட்டால் அது மறுக்கப்படும்; மறுக்கப்படவும் வேண்டும்.

தேடுபொறிகளைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பெயின் நாட்டவரான மரியோ கொஸ்தேகா கொன்சாலெஸ் என்பவரின் வீடு கடனுக்காக ஏலம் விடப்படும் என 1998 இல் பத்திரிகை அறிவித்தல் வெளிவந்தது. கடன் தீர்ந்து பல்லாண்டு கடந்தும், கூகிளில் அவர் பெயரைத் தேடினால் அவ்வறிவித்தலே வந்துநின்றது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அந்த இணைப்பைக் கூகிள் தன் தேடல் விடைகளிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்திரிகையின் பக்கம் அழிக்கப்படவில்லை. அதற்குச் செல்லும் வழிகாட்டிப் பலகையே அகற்றப்பட்டது. (மறக்கப்பட விரும்பியவர் வழக்கினால் உலகப் புகழ் பெற்றுவிட்டார் என்பது வேறு கதை.) இவ்வாறு நீக்குவது ஐரோப்பாவுக்குள் மாத்திரமே கட்டாயம் என்று 2019 இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே இங்கே மறைந்தது கொழும்பிலும் சென்னையிலும் தென்படலாம்.

இது எமக்கு வெறும் நுணுக்கம் அன்று. இலங்கையில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் முகநூலில் இட்ட பதிவுகளுக்காக மட்டக்களப்பு முதலிய இடங்களில் தமிழர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். பலெர்மோவில் அச்சமின்றி ஒருவர் இடும் குழுப்படத்தில், விடுமுறையில் வந்திருந்த ஊர் உறவினரும் நிற்கலாம். அவருடைய பெயரை அடையாளமிட்டு எழுதுமுன் அவரைக் கேட்க வேண்டும். அவர் நீக்கச் சொன்னால் காரணம் கேளாது நீக்க வேண்டும். இலங்கையில் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அழிக்கக் கேட்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டுள்ளது. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. இந்தியாவின் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

வேண்டுகோளை எழுதும் முறையை எமது மாணவர்கள் கற்றுக்கொள்ளல் வேண்டும். இது கடிதம் எழுதும் பாடமே. பெரும்பாலான வலைத்தளங்களில் இதற்கென ஒரு படிவம் உண்டு. உமது பெயர், வயது, அழிக்கப்பட வேண்டியதன் முழு இணைய முகவரி, அது இடப்பட்ட நாள், அதில் நீர் எங்கே காணப்படுகின்றீர் என்பவற்றைத் தெளிவாக எழுதுக. "என்னைப்பற்றிய எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று எழுதினால் எதுவும் நடவாது. ஒழுங்குவிதியின் 17 ஆம் உறுப்புரையின் கீழ்க் கேட்பதாகவும், சிறுவராயின் 71/2017 சட்டத்தின் கீழ்க் கேட்பதாகவும் குறிப்பிடுக. அனுப்பிய நாளையும் மணியையும் எழுதி வைத்துக்கொள்க. தவணை அந்நேரத்திலிருந்தே எண்ணப்படும். பெற்றோருக்கு இத்தாலிய மொழி கைவராத வீடுகளில் பிள்ளைகளே இதனை எழுத வேண்டியிருக்கும். வைத்தியசாலையிலும் அலுவலகங்களிலும் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

ஒன்றை மறவாதீர். மிரட்டலோ இழிவுபடுத்தலோ ஆன பதிவாயின், அழிக்கக் கேட்குமுன் அதன் திரைப்படியை எடுத்து, இணைய முகவரியோடு சேமித்துக்கொள்ளுங்கள். அழிந்தபின் பொலிசாரிடம் காட்டுவதற்கு எதுவும் இராது. இணையக் குற்றங்களை விசாரிப்பது தபால் பொலிஸ் எனப்படும் பிரிவாகும். அது பலெர்மோவிலும் உண்டு. வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளைகள் 19696 என்னும் தெலெஃபோனோ அட்சுர்ரோ தொலைபேசி இலக்கத்தில் பேசலாம்.

அழித்தும் அழியாதவை உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறர் தரவிறக்கி வைத்த பிரதியை எந்தப் பொத்தானும் எட்டாது. மெற்றா நிறுவனம் 2025 மே 27 முதல் ஐரோப்பியர்களின் பொதுப் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றத் தொடங்கியது. மறுப்புத் தெரிவிக்கப் படிவம் ஒன்று வைத்திருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்குகளை எடுப்பதில்லை என்றும் கூறியது. ஒரு பதிவை அழிக்கலாம். ஆனால் அதனைப் படித்துவிட்ட இயந்திரத்திலிருந்து, படித்ததைப் பிரித்தெடுப்பது கடினம். மாணவன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத் திரும்ப வாங்க முடியாததைப் போல.

எமது பாடசாலையின் ஆண்டுவிழாவிலும் ஒளிப்படம் எடுப்போம். அனுமதிப் படிவத்தோடு பெற்றோர் கையொப்பமிடும் 'லிபெராத்தோரியா' தாள், படங்களை மலரிலும் பாடசாலைப் பக்கத்திலும் வெளியிடுவதற்கான சம்மதமாகும். அச்சம்மதத்தை எந்நேரமும் மீளப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு இலகுவோ மீளப் பெறுவதும் அவ்வளவு இலகுவாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். மலரில் அச்சானதை எம்மால் திரும்பப் பெற இயலாது. பாடசாலைப் பக்கத்தில் உள்ளதை நீக்கலாம். தம் படத்தை நீக்க விரும்பும் மாணவர்கள் வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். பதினான்கு வயது நிறைந்தவர்கள் பெற்றோரை அழைத்துவர வேண்டியதில்லை.